ஞாபக மறதிக்குச் சத்து மாத்திரை: வாங்குவதற்கு முன்னும் பின்னும்

ஞாபக மறதிக்கு என்ன சத்து மாத்திரை சாப்பிடலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, மருந்துக்கடைக்குப் போகும் முன் லேபுக்குப் போய் வாருங்கள் என்பதுதான். மூளைக்கென்று விற்கும் மாத்திரைகளைப் பெரிய பெரிய ஆய்வுகளில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அவற்றிலிருந்து தெரியவருவது இவ்வளவுதான்: உடலில் ஒரு சத்து குறைந்து, அதனால் மறதி வந்திருந்தால் அந்தச் சத்தைக் கொடுப்பது பலன் தரும். குறையே இல்லாதவருக்கு அதையே மேலும் மேலும் கொடுத்தால் பெரும்பாலும் பணம்தான் கரையும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், மறதி நோய் (டிமென்ஷியா) வராமல் தடுப்பதற்காக பி வைட்டமின்கள், வைட்டமின் ஈ, ஒமேகா-3 போன்ற கொழுப்பு அமிலங்கள், பல சத்துகள் கலந்த மாத்திரைகள் இவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

அதற்காக எதையுமே தொடக்கூடாது என்றில்லை. சிலருக்குச் சில மாத்திரைகள் நிச்சயம் தேவை. தனக்காகவோ, வயதான அம்மா அப்பாவுக்காகவோ முதன்முறையாக இதில் இறங்குபவர்கள் எந்த வரிசையில் போகலாம் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். வரிசை முக்கியம். நம்மில் பலர் ஐந்தாவது படியில் தொடங்கி, முதல் மூன்றை மறந்தே போகிறோம்.

படி 1: மறதி எந்த மாதிரி என்று பாருங்கள்

கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது, தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வர மறுப்பது, அப்புறம் அரை மணி நேரம் கழித்து தானாக ஞாபகம் வருவது, இதெல்லாம் வயதோடு வருவது. கவலைப்பட வேண்டிய மறதி வேறு மாதிரி இருக்கும். ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்பார். நாற்பது வருடமாக வைத்த சாம்பாரில் எது முதலில், எது அடுத்து என்று தடுமாறுவார். பழகிய தெருவிலேயே வழி தவறுவார். பென்ஷன் கணக்கை இத்தனை நாள் தானே பார்த்தவர், பாஸ்புக்கை எடுத்தாலே எரிச்சல்படுவார். மறந்துவிட்டோம் என்பதே அவருக்குத் தெரியாமல், கூட இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்தால் அது இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. மீதிப் பேரில் மறதி உள்ளவர்களுக்கு இருப்பது நோயில்லாத மறதி, அல்லது வேறு காரணத்தால் வந்து, சரிசெய்துவிடக்கூடிய மறதி.

பொது மருத்துவர், முதியோர் நல மருத்துவர், நரம்பியல் நிபுணர், மனநல மருத்துவர் என யாரிடமும் தொடங்கலாம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு, கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மையம் இருக்கிறது. ஞாபகத்தையும் சிந்தனையையும் அளக்கும் மோக்கா என்ற 30 மதிப்பெண் சோதனை தமிழிலும் உண்டு, பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். எந்த மாத்திரையும் தொடங்கும் முன் இதை ஒருமுறை செய்து, மதிப்பெண்ணைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட வேறு வழியில்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். நேற்றுவரை நன்றாக இருந்தவர் சில நாட்களுக்குள் குழம்பிப் பேசினால், சத்து மாத்திரை பற்றிய யோசனையே தேவையில்லை. சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவு, கீழே விழுந்ததில் மண்டைக்குள் மெதுவாகச் சேரும் ரத்தக் கசிவு என்று உடனே பார்க்க வேண்டிய காரணம் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

படி 2: வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் மேஜையில் கொட்டுங்கள்

புதிதாக ஒன்றைச் சேர்ப்பதைவிட, இருப்பதில் ஒன்றைக் குறைப்பது ஞாபக சக்திக்கு நல்லது செய்யும் வீடுகள் உண்டு. என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையிலேயே மிகவும் பயனுள்ள படி இதுதான். ஒரு பைசா செலவில்லை என்பதாலோ என்னவோ, யாரும் செய்வதில்லை.

டாக்டர் எழுதியது, கடையில் கேட்டு வாங்கியது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது, ஊரிலிருந்து வந்த லேகியம், எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் வாங்கும் மாத்திரைகளில் குளோர்பெனிரமைன், டைபென்ஹைட்ரமைன் இருக்கிறதா என்று பாருங்கள். நரம்பு வலிக்கோ தூக்கத்துக்கோ கொடுத்த அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாததற்குக் கொடுத்த ஆக்ஸிபியூட்டினின், கை நடுக்கத்துக்குக் கொடுத்த ட்ரைஹெக்ஸிபெனிடில் இவையும் அதே வகை. ஞாபகத்துக்கு மூளை பயன்படுத்தும் அசிடைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையை இவை தடுக்கின்றன. இளைஞருக்கு வெறும் வாய் உலர்வதோடு போய்விடும். எழுபது வயதில் அதே மாத்திரை மறதியாகவும் குழப்பமாகவும் வெளிப்படும். அல்ப்ரசோலம், குளோனசெபம் போன்ற தூக்க மாத்திரைகளும் அப்படித்தான்.

இவற்றை நீங்களாக நிறுத்தக்கூடாது. தூக்க மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம். பட்டியலை டாக்டரிடம் காட்டி, “இதில் ஞாபகத்தைக் கெடுப்பது எது, குறைக்க முடியுமா?” என்று நேராகக் கேளுங்கள்.

அப்படியே இன்னும் இரண்டு மாத்திரைகளுக்கும் குறிப்பு வையுங்கள். சுகருக்கு வருடக்கணக்கில் சாப்பிடும் மெட்ஃபார்மின் ஒன்று, ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற கேஸ் மாத்திரை இன்னொன்று. இரண்டும் உடல் பி12 எடுத்துக்கொள்வதைக் குறைக்கும். நம் ஊரில் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள் நிறையப் பேர்.

படி 3: ரத்தப் பரிசோதனை

பி12, தைராய்டு, ஹீமோகுளோபின் அடங்கிய முழு ரத்த எண்ணிக்கை, சுகர், சோடியம், கால்சியம், சிறுநீரகம், கல்லீரல். மறதிக்காகப் போகும்போது மருத்துவர்கள் வழக்கமாக எழுதிக்கொடுக்கும் பட்டியல் ஏறக்குறைய இதுதான். தைராய்டு குறைவு இருந்தால் மனம் மந்தமாகி மறதி போலவே தெரியும். அதற்கு மருந்து தைராக்ஸின், வல்லாரை அல்ல.

பி12 பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். செடிகொடிகளில் இந்த வைட்டமின் கிடையாது. மீன், முட்டை, ஈரல், இறைச்சி, பால், தயிர் இவற்றிலிருந்துதான் வரவேண்டும். சைவம் சாப்பிடுபவர், அதிலும் பாலையும் தயிரையும் குறைத்துக்கொண்டவர், வயதானதால் வயிற்றில் அமிலம் குறைந்தவர், மேலே சொன்ன இரண்டு மாத்திரைகளில் ஒன்றையாவது சாப்பிடுபவர், இவர்களுக்கெல்லாம் குறைய வாய்ப்பு அதிகம். கல்லீரலில் சில வருடங்களுக்கான இருப்பு இருப்பதால் குறை மெதுவாகத்தான் வெளியே வரும். கால் விரல்களில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, நாக்குப் புண், நடையில் தள்ளாட்டம், கூடவே மறதி. ஸ்பைருலினா என்ற பாசி மாத்திரை சாப்பிடுகிறேன், அதில் பி12 இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம்.

பெரும்பாலான லேப்களில் ஒரு மில்லி லிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே போனால் குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். 200-க்கும் 300-க்கும் நடுவில் வந்தால் சந்தேக எல்லை. அப்போது, பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் பொருட்களான ஹோமோசிஸ்டீன் அல்லது மீதைல்மலோனிக் அமிலத்துக்குப் பரிசோதனை செய்தால் தெளிவாகும். மாத்திரையை ஆரம்பித்துவிட்டுப் பரிசோதனைக்குப் போனால் அளவு உயர்ந்தே காட்டும், உண்மையில் குறை இருந்ததா என்று பிறகு சொல்லவே முடியாது. முதலில் ரத்தம், அப்புறம் மாத்திரை.

குறை இருந்தால் ஊசியா மாத்திரையா என்பதை டாக்டர் முடிவு செய்வார். கால் மரத்துப்போவது, தள்ளாட்டம் போன்ற நரம்புக் கோளாறு தெரிந்தால் ஊசியில் தொடங்குவார்கள். மற்றவர்களில் பலருக்கு தினம் 1000 மைக்ரோகிராம் மாத்திரையே போதும். வயிறு சரியாக உறிஞ்சாதவருக்கும் அவ்வளவு பெரிய அளவில் ஒரு சதவீதமாவது உள்ளே போய்விடும், அதுவே ஒரு நாள் தேவைக்குக் காணும். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருப்பது ஆபத்து. ரத்தசோகை சரியானது போலத் தெரியும், நரம்பு பாதிப்பு மட்டும் உள்ளுக்குள் தொடரும்.

வைட்டமின் டி-யும் பலருக்குக் குறைவாகவே வரும். எலும்புக்காகச் சரிசெய்ய வேண்டியதுதான், ஆனால் ஞாபகம் கூடும் என்று எதிர்பார்த்துச் சாப்பிட வேண்டாம். இங்கே கிடைக்கும் 60,000 யூனிட் பாக்கெட் வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில், சில வாரங்களுக்கு மட்டும் கொடுப்பது. அதைத் தினமும் சாப்பிட்டு ரத்தத்தில் கால்சியம் எகிறினால், அதுவே குழப்பத்தையும் மறதியையும் கொண்டுவரும்.

பரிசோதனைக்குப் போகும் முன் இன்னொன்று. முடிக்கும் நகத்துக்கும் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை தைராய்டு முடிவைத் தப்பாகக் காட்டக்கூடும். அதை இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டுமா என்று லேபிலோ டாக்டரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: காசு எங்கே போனால் பலன் அதிகம்?

இந்தப் படி சின்னது, ஆனால் இதைத் தாண்டிவிட்டு மாத்திரைக்குப் போவது அர்த்தமில்லை. லான்செட் இதழின் மருத்துவக் குழு 2024-இல் மறதி நோய்க்கான, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, பிரஷர், சுகர், கெட்ட கொழுப்பு, புகை, மது, உடல் உழைப்பின்மை, மனச்சோர்வு, தனிமை எல்லாம் அதில் உண்டு. சத்து மாத்திரைக் குறைவு அதில் இல்லை. அமெரிக்காவில் 9,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஸ்பிரிண்ட் ஆய்வில், மேல் பிரஷரை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்ற குழுவில், மறதி நோய் அளவுக்குப் போகாத ஆரம்ப நிலை மறதி 19 சதவீதம் குறைந்தது என்று 2019-இல் தெரிந்தது. எந்தச் சத்து மாத்திரைக்கும் இப்படி ஒரு எண் கிடையாது.

ஆகவே காது கேட்கும் கருவி வாங்கத் தயங்கிக்கொண்டே மாதாமாதம் மூளை மாத்திரை வாங்கும் வீடாக இருந்தால், மாதச் செலவைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள்.

படி 5: எந்த மாத்திரைக்கு என்ன ஆதாரம்

இப்போது கடைக்கு வருவோம். அலமாரியில் அடிக்கடி பார்ப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

ஜின்கோ பைலோபா. ஞாபக சக்தி என்றதும் உலகம் முழுக்க முதலில் நீட்டப்படும் பெயர் இதுதான். அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 3,069 பேருக்கு, ஒரு பாதிக்கு தினம் இரண்டு வேளை 120 மில்லிகிராம் ஜின்கோவும் மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்து ஆறு வருடம் கவனித்தார்கள். 2008-இல் முடிவு வந்தது. மறதி நோய் இரு பக்கமும் ஒரே மாதிரிதான் வந்திருந்தது. பிரான்சில் 2,800-க்கும் அதிகமானவர்களை ஐந்து வருடம் பார்த்த ஆய்வும் 2012-இல் அதையே சொன்னது. ஜெர்மனியில் ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்குத் தரப்படுத்திய ஜின்கோவை மருத்துவர்கள் எழுதுவதுண்டு. வராமல் தடுப்பதற்கு என்றால், இதை விட்டுவிடலாம்.

மீன் எண்ணெய், ஒமேகா-3. மீன் சாப்பிடுபவர்களுக்கு மறதி நோய் குறைவாக வருகிறது என்று மக்கள் தொகைக் கணக்குகள் காட்டியதிலிருந்து இந்த வியாபாரம் வளர்ந்தது. கேப்சூலாகக் கொடுத்துப் பார்த்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. மறதி நோயில் மிகப் பரவலான வகையான அல்சைமர் வந்த 402 பேருக்கு டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 வகையைக் கொடுத்து ஒன்றரை வருடம் பார்த்த ஆய்வு 2010-இல் தோல்வியில் முடிந்தது. கேப்சூலைவிட மத்தியும் நெத்திலியும் கானாங்கெளுத்தியும் வாரத்தில் இரண்டு நாள் குழம்பாக வந்தால் போதும் என்பது என் கட்சி. வறுப்பதைவிடக் குழம்பு நல்லது. சைவர்கள் வாங்கியே ஆக வேண்டும் என்றால் பாசியிலிருந்து எடுக்கும் டி.எச்.ஏ. இருக்கிறது. ஆளி விதையில் இருப்பது வேறு வகை ஒமேகா-3, அது உடலில் டி.எச்.ஏ.வாக மாறுவது மிகக் கொஞ்சம்.

பல சத்து மாத்திரை. இதில்தான் சமீபத்தில் கொஞ்சம் நல்ல செய்தி. அமெரிக்காவில் நடந்த காஸ்மாஸ் என்ற பெரிய ஆய்வின் மூன்று பகுதிகளிலும், முதியவர்களுக்கான சாதாரண மல்டிவைட்டமினைத் தினமும் சாப்பிட்டவர்கள் ஞாபகச் சோதனைகளில் சற்று மேலே வந்தார்கள். முதல் பகுதியில் 65 வயதைத் தாண்டிய 2,262 பேர், மூன்று வருடம், 2022-இல் வெளியீடு. மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர்கள், மூளை மூப்பில் சுமார் இரண்டு வருடம் மிச்சமானதற்குச் சமம் என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மறதி நோய் குறைந்ததா என்று அதில் காட்டப்படவில்லை. கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், ஓரளவு வசதியானவர்கள். அதே ஆய்வில் கோகோ சாறு ஞாபகத்துக்கு ஒட்டுமொத்தமாகப் பலன் தரவில்லை, சாக்லேட் பிரியர்கள் மன்னிக்க வேண்டும். சாப்பாடு குறைந்துபோன, பல் இல்லாததால் கஞ்சியிலேயே ஓட்டும் முதியவர் வீட்டில் இருந்தால், மலிவான ஒரு மல்டிவைட்டமின் நியாயமான தேர்வு. என் பட்டியலில் தேறுவது அது ஒன்றுதான்.

பி வைட்டமின்கள் கூட்டாக. ஆக்ஸ்ஃபோர்டில் ஆரம்ப நிலை மறதி இருந்த 168 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஃபோலிக் அமிலம், பி12, பி6 மூன்றையும் அதிக அளவில் கொடுத்தபோது மூளை சுருங்கும் வேகம் சராசரியாக 30 சதவீதம் குறைந்தது என்று 2010-இல் எழுதினார்கள். ஹோமோசிஸ்டீன் அதிகமாக இருந்தவர்களுக்குத்தான் பலனும் அதிகம். நெதர்லாந்தில் ஹோமோசிஸ்டீன் கூடுதலாக இருந்த 2,919 முதியவர்களுக்கு ஃபோலிக் அமிலமும் பி12-உம் இரண்டு வருடம் கொடுத்தபோது அறிவுத்திறனில் வித்தியாசமே வரவில்லை. ஆகவே டாக்டரிடம் ஹோமோசிஸ்டீன் முடிவைக் காட்டிப் பேச வேண்டிய விஷயமே தவிர, கடையில் கேட்டு வாங்குவதல்ல.

வைட்டமின் ஈ. முடிக்கும் தோலுக்கும் பலர் சாப்பிடும் அந்தப் பச்சைக் கேப்சூல்தான். அல்சைமர் வந்த 613 அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கு தினம் 2000 யூனிட் கொடுத்தபோது அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் சரிவது கொஞ்சம் மெதுவானது, ஞாபகம் கூடவில்லை. ஆரம்ப நிலை மறதி உள்ளவர்களுக்கு அதே அளவு கொடுத்த 2005 ஆய்வில் ஒன்றுமில்லை. தினம் 400 யூனிட் சாப்பிட்ட ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011-இல் இன்னொரு பெரிய ஆய்வு காட்டியது. நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

நீர்ப்பிரமியும் வல்லாரையும். நம் வீட்டுப் பெயர்கள் என்பதால் நம்பிக்கை தானாக வருகிறது. இரண்டும் வேறு வேறு செடிகள், ஆனால் கடையில் இரண்டுமே பிரம்மி என்ற பெயரில் கிடைக்கின்றன. டப்பாவின் பின்னால் பகோபா மொன்னியேரி என்றிருந்தால் நீர்ப்பிரமி, சென்டெல்லா ஏசியாடிகா என்றிருந்தால் வல்லாரை. ஆய்வுகள் அதிகம் நடந்தது நீர்ப்பிரமியில்தான், வழக்கமாக 300 மில்லிகிராம் சாறு, 12 வாரம். சொற்களை ஞாபகம் வைத்துச் சொல்லும் சோதனைகளில் சின்ன முன்னேற்றம் தெரிந்திருக்கிறது. எல்லாம் சிறிய ஆய்வுகள், மறதி நோயைத் தள்ளிப்போடுமா என்று யாரும் காட்டவில்லை. வயிற்றுப் பிடிப்பும் அடிக்கடி வெளிக்குப் போவதும் வரலாம், அதனால் சாப்பாட்டோடு எடுப்பது நல்லது. வல்லாரையைத் துவையலாகவும் கடைந்தும் சாப்பிடுங்கள், அது கீரை, அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

மஞ்சள் கேப்சூல். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் குடலிலிருந்து ரத்தத்துக்குள் போவது மிகக் குறைவு. அதனால் மிளகுச் சாறு சேர்த்து விற்கிறார்கள். அந்த மிளகுச் சாறு வேறு மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும், வலிப்புக்கான ஃபெனிடாயின் அதில் ஒன்று. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. ரசத்தில் போடும் மஞ்சளுக்கும் இந்தக் கேப்சூலுக்கும் அளவில் சம்பந்தமே இல்லை.

தேங்காய் எண்ணெய் ஒரு காலத்தில் ஃபார்வர்டு செய்திகளில் அல்சைமரையே குணப்படுத்தியது. ஆதாரம் இல்லை, கொழுப்பு ஏறுவதுதான் நிச்சயம். அமெரிக்காவிலிருந்து வரும் பெட்டியில் ஜெல்லி மீன் புரதம் அடங்கிய பிரெவஜென் டப்பா வந்திருந்தால், அதன் விளம்பரத்துக்கு எதிராக அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையமும் நியூயார்க் மாநிலமும் 2017-லேயே வழக்குப் போட்டன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஹூபர்சைன்-ஏ என்று எழுதியிருந்தால் எச்சரிக்கை: அது அல்சைமருக்குக் கொடுக்கும் டோனெபெசில் மாத்திரை செய்யும் அதே வேலையைச் செய்கிறது. இரண்டையும் சேர்த்தால் நாடித்துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

படி 6: டப்பாவின் பின்பக்கம்

முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம், படிக்க வேண்டாம். இந்தியாவில் உணவுச் சத்தாக விற்கும் பொருளில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வரியும் இருக்க வேண்டும். முன்னால் ஞாபக சக்தி, பின்னால் மருந்தல்ல. இரண்டையும் சேர்த்துப் படித்தாலே பாதி மயக்கம் தெளியும். மருந்தாக விற்பதாக இருந்தாலோ, மூளைத் திறனைக் கூட்டும், ஞாபகத்தை மேம்படுத்தும் என்று உரிமை கொண்டாடக்கூடாது என்று மருந்து விதிகளின் ஜே அட்டவணையே தடுத்திருக்கிறது. அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சத்து மாத்திரையை விற்கும் முன் அது வேலை செய்கிறது என்று அரசிடம் நிரூபிக்கத் தேவையில்லை. வெளிநாட்டு டப்பா என்பதாலேயே தரம் கூடிவிடாது. அங்கே வாங்குவதானால் யு.எஸ்.பி. என்ற மருந்துத் தர அமைப்பின் சரிபார்ப்பு முத்திரை உள்ளதை எடுங்கள்.

அளவைப் பார்க்கும்போது அலகைக் கவனியுங்கள். 1500 மைக்ரோகிராம் என்பது ஒன்றரை மில்லிகிராம். மீன் எண்ணெய் 1000 மில்லிகிராம் என்று பெரிதாகப் போட்டிருக்கும் சாதாரணக் கேப்சூலில் வேலைக்கு ஆகும் ஒமேகா-3 வகைகளான ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் 300 மில்லிகிராம்தான், மீதி வெறும் எண்ணெய். பத்து மூலிகைப் பெயர்களை அடுக்கிவிட்டு மொத்த எடையை மட்டும் போட்டிருந்தால் எது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது. அதைத் திருப்பி அலமாரியில் வைத்துவிடுங்கள்.

பி6-ஐத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். மல்டிவைட்டமினில் கொஞ்சம், நரம்பு மாத்திரையில் கொஞ்சம், சத்து பவுடரில் கொஞ்சம் என்று சேர்ந்துவிடும். அதிகமானால் கால் மரத்துப்போகும், மரத்துப்போகிறதே என்று இன்னொரு நரம்பு மாத்திரை எழுதுவார்கள், அதிலும் பி6 இருக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் தினசரி மேல் எல்லையை 12 மில்லிகிராமாக வைத்தது. நம் ஊர் நரம்பு மாத்திரைகள் சிலவற்றில் ஒரே மாத்திரை அதைத் தாண்டும்.

சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண்ணும் தொகுதி எண்ணும் இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்த ஓர் ஆய்வு, ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2008-இல் வெளியானது. ஈயமே மூளையைக் கெடுப்பது.

படி 7: யார் கேட்காமல் தொடங்கவே கூடாது

ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுபவர்கள். ஜின்கோ, அதிக அளவு வைட்டமின் ஈ, மஞ்சள் கேப்சூல் எல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். வார்ஃபரினும் அசிட்ரோமும் சாப்பிடுபவருக்கு மல்டிவைட்டமினில் இருக்கும் வைட்டமின் கே-கூட பிரச்சினை. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இரும்பு, கால்சியம் கலந்த சத்து மாத்திரையை நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். அஸ்வகந்தா தைராய்டைக் கூட்டலாம், கல்லீரலையும் பாதிக்கலாம். வலிப்பு உள்ளவர்களுக்கு ஜின்கோ வேண்டாம். மீன் எண்ணெய் அதிக அளவில் இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கக்கூடும் என்பதால் அந்தக் கோளாறு ஏற்கெனவே உள்ளவர்கள் டாக்டரைக் கேட்க வேண்டும். கண் புரை, பல் பிடுங்குவது உட்பட எந்த அறுவைக்கும் முன்னால் சத்து மாத்திரைகளின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள். “வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?” என்று கேட்டால் இதெல்லாம் மாத்திரைக் கணக்கில் வராது என்று நினைத்து “இல்லீங்க” என்று சொல்லிவிடுகிறார்கள்.

படி 8: தொடங்கினால் எப்படிச் சோதிப்பது

ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். மூன்றை ஒன்றாகத் தொடங்கினால் வயிற்றுப்போக்கு வந்தாலும் எதனால் என்று தெரியாது, ஞாபகம் தெளிந்தாலும் எதனால் என்று தெரியாது.

முடிவுத் தேதியை முதல் நாளே காலண்டரில் குறியுங்கள். நீர்ப்பிரமி போன்றவற்றுக்கு 12 வாரம் போதுமான அவகாசம். மல்டிவைட்டமினுக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அதன் சின்னப் பலன் ஒரு ஆளிடம் கண்ணுக்குத் தெரியும் அளவு இருக்காது. பி12 குறைக்காகச் சாப்பிடுபவர் டாக்டர் சொன்ன தேதியில் மறுபடி ரத்தம் கொடுத்தால் போதும்.

போனில் கிடைக்கும் ஞாபக விளையாட்டுகளை வைத்து அளக்காதீர்கள். திரும்பத் திரும்ப விளையாடினால் மாத்திரை இல்லாமலே மதிப்பெண் கூடும். அதைவிடக் கூட இருப்பவர் வாரம் ஒருமுறை நாலு விஷயம் எழுதி வைப்பது மேல்: ஒரே கேள்வி எத்தனை தடவை வந்தது, எத்தனை வேளை மாத்திரை மறந்தது, கரண்ட் பில் போன்ற வேலை ஏதாவது தவறியதா, தூக்கம் எப்படி. கூடவே ஈறில் ரத்தம், காரணமில்லாத கன்றல், வயிற்றுக் கோளாறு, கண்ணில் மஞ்சள் இவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். தேதி வந்ததும் ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள், குறிப்பு எழுதுவதை மட்டும் தொடருங்கள். இரண்டு காலத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் மறுபடி வாங்க வேண்டியதில்லை.

அல்சைமர் என்று உறுதியாகி டோனெபெசில், மெமான்டின் சாப்பிடுபவர்கள், மூலிகையால் தெளிவு தெரிகிறது என்று அவற்றை நிறுத்திவிடக்கூடாது.

சில அப்பாக்கள் நிறுத்த ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பேரன் அனுப்பிய டப்பா, அது இல்லாமல் காலை விடியாது. அது மேலே சொன்ன ஆபத்துப் பட்டியலில் இல்லாமல், வீட்டுச் செலவையும் பதம் பார்க்காமல் இருந்தால் சண்டை போட வேண்டாம். மருந்துச் சீட்டின் கடைசி வரியில் அதன் பெயரையும் அளவையும் எழுதி, அடுத்த முறை டாக்டரிடம் மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் காட்டுங்கள்.